முன்னால் போகிற முதுகு

மாஸ்டரின் முதுகைப் பற்றி யாராவது கேட்டால் பல்லக்கா நாள் முழுக்கப் பேசுவாள். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். வெயில் ஏறினால் வியர்வை முதலில் பிடரிக்குக் கீழே பிடித்து, அப்புறம் இரண்டு பக்கமும் வழிந்து இறங்கும். டி-ஷர்ட்டின் லேபிள் எந்நேரமும் கழுத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை உள்ளே தள்ளிவிட அவளுக்குக் கை பரபரக்கும். எட்டாது. அந்த முதுகு எப்போதும் அவளுக்கு முன்னால், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. மலையோ காடோ ஏரியோ, அந்த முதுகின் ஓரத்தில் எட்டிப்பார்த்த அளவுக்குத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

முதுகுக்குச் சொந்தக்காரர் அவளுடைய கணவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுவது யாராக இருந்தாலும் நிறுத்துவது அவர்தான். அப்படியே பழகிப்போன மனிதர், உலகத்துக்கே தன் காலடியில் ஒரு பிரேக் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குவார்கள். மீதிப் பேர், 'மனுஷன் நல்லாக் கத்துக்குடுப்பார்' என்பார்கள். இரண்டும் உண்மை.

பல்லக்காவும் ஒரு காலத்தில் அந்தக் காரில் கற்றுக்கொள்ள ஏறினவள்தான். அவள் கிளட்ச்சை விடும்போதெல்லாம் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. அப்போது அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது, சிரித்தாள். அவரும் சிரித்தார். கடைசியில் அவள் லைசென்ஸ் வாங்கவில்லை, அவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டில் எது மேல் என்று இன்றைக்குக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வாள்.

அவள் வேலை பல் கட்டுவது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் கல்மாவைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் உடையாமல் பிரித்தெடுத்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, பக்கத்துப் பல்லோடு நிறம் சேருகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பல்லோடு அரை நாள் உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும். அது அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. பல்லக்கா என்பது குடியிருப்புக் குழந்தைகள் வைத்த பெயர்; பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கோபக்காரர்களை அவள் அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கடைவாய்ப் பல் தேய்ந்து மழமழவென்று இருக்கும். அவள் பார்த்ததிலேயே அதிகம் தேய்ந்தது மாஸ்டருடையதுதான். தூக்கத்தில் அப்படிக் கடிக்கிறார். பல்லில் போட்டுக்கொண்டு தூங்க ஓர் உறை செய்துகொடுத்தாள். "நான் பல்லைக் கடிக்கறேனா? உன் காதுலதான் கோளாறு" என்று சொல்லி அவர் அதை ஷேவிங் டப்பாவில் போட்டுவிட்டார்.

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. லீவுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தகராறு வந்தால், குடியிருப்பு வாசலிலிருந்து மேட்டின் உச்சியில் இருக்கும் தண்ணீர் டேங்க் வரை இரண்டு பேரும் மிதித்து ஏற வேண்டும். டேங்க்கின் இரும்புக் கதவை முதலில் தொடுகிறவர் இடத்தைச் சொல்லலாம். சொன்னவர்தான் பயணம் முழுக்க முன்னால் போவார். மற்றவர் பின்னால், வாயைத் திறக்காமல். கல்யாணமான புதிதில் மாஸ்டர் விளையாட்டாகப் போட்ட சட்டம் அது. முதல் வருடம் கடைசி வளைவில் அவளுக்காக நின்று, தண்ணீர் கொடுத்து, "வா, ஒண்ணாத் தொடலாம்" என்றுகூடச் சொன்னார். அவள் அதை மறக்கவே இல்லை. அவர் அடுத்த வருடமே மறந்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவரே தொட்டார், அவரே சொன்னார், அவரே முன்னால் போனார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், அவர் சொன்ன ஒரு மலையில் இறக்கத்தில் வரும்போது, வளைவில் கிடந்த சரளையில் அவளுடைய சக்கரம் வழுக்கியது. முகம் குப்புற விழுந்தாள். முன்பல் ஒன்று பாதியாக உடைந்து போனது. "என்னங்க!" என்று கத்தினாள். முதுகு திரும்பவில்லை, வளைவில் மறைந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கீழே வந்தபோது, மாஸ்டர் ஒரு சாப்பாட்டுக் கடை பெஞ்சில் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார். அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டும் என்ன சொன்னார் தெரியுமா? "நான் சொன்ன மாதிரி பின் பிரேக்கை முதல்ல பிடிச்சிருந்தா விழுந்திருக்கவே மாட்ட."

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பல்லை அவளே கட்டினாள். தன் வாய்க்குத் தானே செய்த ஒரே பல். எது அசல், எது கட்டினது என்று டாக்டருக்கே தெரியவில்லை. மாஸ்டர் அதைக் கேட்கவே இல்லை. அந்த வாரத்திலிருந்து அவள் பல் கட்டும் லேபுக்குப் போகும் வழியை மாற்றினாள். சமதளமான கடைத்தெரு வழியை விட்டு, டேங்க் மேட்டைச் சுற்றிப் போனாள். கல்மாவு விற்கும் கடை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மூட்டையைக் கேரியரில் கட்டி அவளே கொண்டுவந்தாள்.

"கொண்டுவர ஆள் இருக்கே, நீ எதுக்கும்மா சுமக்கற?" என்று லேப் முதலாளியம்மா கேட்டார்.

"ஒருத்தர்கிட்ட ஒரு கணக்குத் தீக்கணும்மா" என்றாள் பல்லக்கா.

மழையிலும் ஏறினாள், காய்ச்சல் விட்ட மறுநாளும் ஏறினாள். பேண்ட் எல்லாம் தொடையில் பிடிக்க ஆரம்பித்தது. மாஸ்டர் ஒருநாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயிட் போட்டுட்ட" என்றார். அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

இப்படி இருக்கையில் மகள் ஃபோன் செய்தாள். அவள் வேறு ஊரில் நர்ஸ். அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு அவளே அனுப்பிவைக்கிறாளாம். "நல்ல வெயில், கடல், தென்னை மரம் எல்லாம் இருக்கற தீவு ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ரெண்டுலயும் சைக்கிள் ஓட்டலாம். ரெண்டு பேரும் சேந்து உக்காந்து முடிவு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபோன் பண்றேன்" என்றாள். சேர்ந்து உட்கார்ந்து! இந்த வீட்டுச் சட்டத்தைப் பார்த்து வளர்ந்த பெண்ணே இப்படிச் சொல்கிறாள் பாருங்கள். கூடவே ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் டி-ஷர்ட்டும் பார்சலில் அனுப்பியிருந்தாள்.

ஒன்று தட்டைத் தீவு. கரையை ஒட்டியே ஒரு சாலை தீவைச் சுற்றி வந்தது. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொன்று மலைத் தீவு. எப்போதோ அணைந்துபோன எரிமலை நடுவில் நிற்க, சாலை அதைச் சுற்றிச் சுற்றி மேகத்துக்குள் போனது. மதியமானால் தவறாமல் மழையாம்.

பல்லக்கா தட்டைத் தீவின் ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அகலமான சாலை, ஒரு வண்டி இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிளில் போகிறார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அவள் கேட்பது இவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரோடு பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும். இந்தத் தடவையும் இல்லையென்றால் இனிமேல் அதைக் கேட்பதே இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"தட்டைத் தீவா?" மாஸ்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "அங்க சைக்கிள் எதுக்கு? மூணு சக்கர வண்டி வாங்கித் தரேன், ஹால்லயே சுத்து."

"மலையில ஏறி என்னத்தப் பாக்கப் போறீங்க? போன தடவையும் ஒரே மேகம்."

"நான் நல்லாத்தான் பாத்தேன். நீதான் தரையைப் பாத்துக்கிட்டே வந்த."

"நான் பாத்தது உங்க முதுகை."

"பாத்துக்கோ. எல்லாருக்கும் கிடைக்காது."

அவள் வாய்க்கு வந்ததை முழுங்கிக்கொண்டு படத்தைக் காட்டினாள். "ரோடு எவ்ளோ அகலம்னு பாருங்க. ரெண்டு சைக்கிள் ஜோடியாப் போலாம்."

"ஜோடியாப் போறது தப்பு. ரோட்டுல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போகணும். பசங்களுக்கு நான் அதைத்தான் சொல்லிக் குடுக்கறேன்."

"அங்க வண்டியே இல்லீங்க."

"வண்டி இல்லாட்டா ரூல்ஸ் இல்லையா?"

"நான் உங்க ஸ்டூடண்ட் இல்ல."

"அது சரி. இருந்திருந்தா எப்பவோ பெயிலாக்கி அனுப்பியிருப்பேன்."

பல்லக்கா இத்தனை சண்டையிலும் 'நீங்க'வை விட்டதில்லை. அந்த மரியாதைக்குள்ளேயே எவ்வளவு விஷம் வைக்கலாமோ அவ்வளவும் வைத்துச் சொன்னாள்: "நீங்க ஒருத்தரைத் தவிர இந்த உலகத்துல யாருமே பாஸாக மாட்டாங்க."

மாஸ்டர் லேப்டாப்பைப் படக்கென்று மூடினார். "எதுக்கு வீண் பேச்சு? சட்டம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில டேங்க். தொட்டவங்க சொல்றதுதான் தீவு."

"சரி" என்றாள்.

அழுகையோ முணுமுணுப்போ இல்லாமல் 'சரி' வந்ததில் அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை குடியிருப்பு வாசலில் இரண்டு சைக்கிளும் நின்றன. மாஸ்டர் அவளுடைய டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "காத்து போதாது. சீட்டும் உசரம் பத்தாது. சொன்னாக் கேட்டாத்தானே" என்றார். கிளம்பினார்கள்.

வழக்கம்போல் முதுகு முன்னால் போனது. முதல் வளைவு, பால் பூத், மூடிக்கிடந்த பள்ளிக்கூடம். வழக்கமாகப் பள்ளிக்கூடச் சுவர் முடியும் இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும், முதுகு சின்னதாகிக்கொண்டே போகும். இன்று சின்னதாகவில்லை. லேபிளில் எழுதியிருந்ததைப் படிக்கிற அளவுக்குப் பக்கத்தில் இருந்தது. கேரியரில் மூட்டை இல்லாமல் மேடு ஏறுவது இவ்வளவு லேசான விஷயமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

மாஸ்டருக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. "இன்னுமா வர்ற?" என்றார்.

"வரேன். வழி விடுங்க."

"பெல் அடிக்கணும். ஓவர்டேக் பண்ணணும்னா பெல் அடிக்கணும்."

அடித்தாள். அவர் சாலையின் நடுவுக்கு வந்தார். மறுபடி அடித்தாள். அவள் இடது பக்கம் போனால் அவரும் இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் போனால் வலது பக்கம். பின்னால் வருகிறவனுக்கு வழி விடுவது எப்படி என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்! பெல்லில் வைத்த கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே போனாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசி வளைவில் தார் முடிந்து ஓரத்தில் சரளை பரவிக்கிடந்தது. அந்த இடுக்கு ஒன்றுதான் மிச்சம். சரளையைப் பார்த்ததும் அவளுடைய நாக்கு தானாகப் போய்க் கட்டின பல்லைத் தொட்டது. பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. விழுந்தால் இந்தத் தடவை எத்தனை பல்லோ. ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சரளையில் இறங்கினாள். சக்கரம் ஒரு தடவை ஆடியது. காலை நிறுத்தாமல் மிதித்தாள். மாஸ்டரின் காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது, விரிந்த மூக்கு தெரிந்தது. அப்புறம் எதுவுமே தெரியவில்லை. முன்னால் வெறும் சாலை. அந்தச் சாலை இவ்வளவு அகலம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரும்புக் கதவைத் தொட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. நெற்றியையும் அதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மூச்சு அடங்க அடங்க, அவளுடைய கோபமும் அடங்கியது. இந்தப் பெண்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? கீழே வளைவைப் பார்த்துக்கொண்டே அவருக்காக வார்த்தைகளைத் தயார் செய்தாள். 'தட்டைத் தீவுக்கே போலாங்க. யாரும் முன்னாடி போக வேணாம். சட்டத்தை இன்னையோட விட்டுடலாம். வாங்க, நீங்களும் தொடுங்க.' தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவருக்குக் கொடுப்பதற்காகக் கையில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் வளைவில் தெரிந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சங்கிலி கழண்டுடுச்சு," தூரத்திலேயே ஆரம்பித்தார். "நல்ல நேரம் பாத்துக் கழண்டுச்சு. இறங்கி மாட்டிட்டு வரேன். இல்லாட்டா நீயாவது, என்னைத் தாண்டறதாவது. இது செல்லாது. அடுத்த வாரம் மறுபடி வெச்சுக்கலாம்."

சொல்லிக்கொண்டே புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். பல்லக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

கழன்ற சங்கிலியை மாட்டினவன் கை எப்படி இருக்கும் என்று சைக்கிள் ஓட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விரல் பத்தும் கரி. நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்கும் போகாது. மாஸ்டரின் விரல்கள் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று இருந்தன.

"நீங்களே மாட்டினீங்களா?"

"பின்ன, உங்கப்பாவா வந்து மாட்டினாரு?"

"கையைக் காட்டுங்க."

"என்னது?"

"கையைக் காட்டுங்க."

அவரும் தன் கையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "தொடச்சிட்டேன்" என்றார்.

"எதுல தொடச்சீங்க?"

துண்டு சைக்கிள் கம்பியில் வெள்ளைவெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் தோற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்க மாட்டாள். நல்லா ஏறினே என்றுகூடச் சொல்ல வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் நின்றிருந்தால் போதும். ஒரே ஒரு நாள் அவளுக்குப் பின்னால் வந்ததை ஒத்துக்கொள்வதைவிட, இறங்கி, நல்ல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பொய் சொல்லிக்கொண்டு நடந்து வருவது அந்த மனிதருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு வெறுத்துப்போயின. பாட்டில் தண்ணீரைத் தானே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். மூடியைத் திருகிவிட்டு, அவர் பக்கம் பார்க்காமல் கீழே இறங்கினாள்.

சாயங்காலம் சொன்னபடி மகள் ஃபோன் செய்தாள். பல்லக்கா ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். மஞ்சள் டி-ஷர்ட் இரண்டும் பக்கத்தில் மடித்து இருந்தன.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

மாஸ்டர் முந்திக்கொண்டார். "அடுத்த வாரம் சொல்றோம்மா. காலையில சங்கிலி கழண்டு..."

"மலைத் தீவு" என்றாள் பல்லக்கா.

மாஸ்டரின் முகம் மெல்ல மலர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தியாம்மா? கடைசில நான் சொன்னதுக்குத்தான் வந்தா. இதுக்கு எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"அம்மா, நீ தட்டைத் தீவுதானே வேணும்னு சொன்ன?" மகளின் குரலில் சந்தேகம் இருந்தது.

"சொன்னேன். அது பக்கத்துல பக்கத்துல போறதுக்குக் கேட்டது. இனிமே அது வேண்டாம்."

"ஏம்மா? காலையில டேங்க்ல யாரு முதல்ல தொட்டது?"

"நான்" என்றாள் பல்லக்கா. "நான் தொட்டேன், நான் சொல்றேன், நான்தான் முன்னாடி போவேன். உங்கப்பா போட்ட சட்டம். அவருக்கு ரூல்ஸ்னா உசுரு, மாத்த மாட்டாரு. அந்த மலை உச்சி வரைக்கும் அவர் பின்னாடி வருவாரு, வாயைத் திறக்காம."

மாஸ்டர் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார், மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். "அவ்ளோ மேட்டுலயுமா?" என்றார். அதட்டலாகச் சொல்ல நினைத்தது கேள்வியாக வந்தது.

"அவ்ளோ மேட்டுலயும்தான். நான் எங்கயும் நிக்க மாட்டேன். உங்களுக்குச் சங்கிலி கழண்டா நீங்களே மாட்டிக்கிட்டு வந்து சேருங்க."

ஜெயித்த சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கடைசியாக ஒரு தடவை பார்க்க அவள் திறந்து வைத்திருந்த லேப்டாப்பில் அந்தப் படம் இருந்தது, அகலமான சாலையும் முகம் பார்த்துச் சிரிக்கிற இரண்டு பேரும். அதை மூடினாள். மஞ்சள் டி-ஷர்ட்டில் ஒன்றை எடுத்து உதறித் தோளில் வைத்து அளவு பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு அதைத் திருப்பி, கழுத்துக்குள் மடிந்திருந்த லேபிளை நன்றாக வெளியே இழுத்துவிட்டு, எதிர் நாற்காலியின் முதுகில், டி-ஷர்ட்டின் பின்பக்கம் அவர் கண்ணெதிரே தெரிகிற மாதிரி மாட்டினாள்.